தரையிறங்கும் ஆசை

விமானிகளுக்கு ஆண்டுக்கு ஒருமுறை கண், காது, இதயம், பற்று ஆகிய நான்கையும் சோதிப்பார்கள். முதல் மூன்றுக்கும் ஒரு மருத்துவர் போதும். நான்காவதற்குத் தனி அறை, தனி அதிகாரி. தூத்துக்குடி வானூர்தி நிலையத்தின் இரண்டாம் மாடியில், படிக்கட்டை ஒட்டி அந்த அறை இருந்தது. கதவில் ‘பற்று ஆய்வாளர்’ என்று எழுதியிருக்கும். அதற்குக் கீழே சிறிய எழுத்தில், ‘குழந்தைகளை நேரில் அழைத்து வர வேண்டாம். படங்கள் போதும்’ என்றும் எழுதியிருக்கும்.

செண்பகவல்லி அந்த நாற்காலியில் உட்காருவது ஒன்பதாவது முறை. வயது முப்பத்து மூன்று. சட்டைக்கையை மடித்துவிட்டு மணிக்கட்டை நீட்டினாள். ஆய்வாளர் ஞானதுரை பற்றுமானியின் பட்டையைச் சுற்றி இறுக்கினார். எதிரே இருந்த திரையில் படங்கள் ஒவ்வொன்றாக வந்தன. கோவில்பட்டி வீட்டு வாசல். அவளுடைய அண்ணன். பள்ளித் தோழி ஒருத்தி. அம்மா. கடைசியாக ஒரு விமானம். ஒவ்வொரு படத்துக்கும் நாடி எவ்வளவு தாவுகிறது, உள்ளங்கை எவ்வளவு வேர்க்கிறது, கண்மணி எவ்வளவு விரிகிறது என்று பட்டை அளந்து, கடைசியில் ஓர் எண்ணைத் துப்பும். அதனிடம் நடிக்க முடியாது. நடித்துப் பார்த்த இரண்டு பேருக்கு வேலை போயிருந்தது.

“நாப்பத்தி மூணு,” என்றார் ஞானதுரை. “போன வருசம் அம்பத்தி நாலு. அம்மா தவறிட்டாங்கல்லா, அதுல பதினொண்ணு எறங்கிட்டு.”

“அம்மா படத்துக்குத் துடிச்சுதே சார். எனக்கே தெரிஞ்சுது.”

“துடிச்சுது. இல்லங்கல. ஆனா அவங்க வீட்டுல காத்திருக்கலியே. போனவங்கள நெனச்சுத் துடிக்கத நாங்க சேக்கது இல்லம்மா. அவங்க இருக்க எடத்துக்கே போயிருவோம்னு ஒரு நேரம் தோணிட்டுன்னா?”

செண்பகவல்லி திரையைத் திரும்பிப் பார்த்தாள். கடைசிப் படமாக விமானம் ஒன்று வந்ததே, அதைப் பற்றிக் கேட்க வேண்டும்போல இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் கேட்பதுதான்.

“விமானத்துக்கு எத்தன சார் போட்டிருக்கு?”

ஞானதுரை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “அந்தப் படத்துக்கு ஒங்க நாடி நூத்தி முப்பதுக்குப் போவுது. இந்த நெலையத்துல வேற யாருக்கும் அப்படிப் போய் நான் பாத்ததில்ல. ஆனா அதுக்கு மதிப்பெண் பூஜ்யம்.”

“அதான் ஏன்னு கேக்குதேன்.”

“பறக்க ஆசப்படுதது வேற, தரையிறங்க ஆசப்படுதது வேறம்மா. சட்டம் ரெண்டாவதத்தான் கேக்குது. நான் என்ன செய்ய?”

இந்தச் சட்டம் வந்த கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். விமானங்கள் தாமாகவே பறக்கத் தொடங்கி அப்போது நாற்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஏறுவது, மிதப்பது, இறங்குவது எல்லாவற்றையும் ஓட்டுமூளை என்ற கருவியே பார்த்துக்கொண்டது. மனிதக் கை பட்ட விமானங்களில்தான் பிழைகள் நேர்ந்தன என்று கணக்குகள் காட்டியதால், கையை எடுத்துவிட்டார்கள். எடுத்த பிறகு பயணிகள் ஏற மறுத்தார்கள். பாட்டுப் போட்டார்கள், ஏறவில்லை. பாயசம் கொடுத்தார்கள், குடித்துவிட்டு ஏறவில்லை. கடைசியில் உளவியலார் சிலர் கூடி ஆராய்ந்து ஒன்றைக் கண்டுபிடித்தார்கள். முன்னால் ஓட்டத் தெரிந்த ஒருவர் இருக்க வேண்டும் என்று பயணிகள் எதிர்பார்க்கவில்லை. பத்திரமாக வீட்டுக்குப் போக வேண்டும் என்று தங்களைப்போலவே தவிக்கிற ஒருவர் முன்னால் இருந்தால் போதும். அவ்வளவுதான்.

அப்படி வந்ததுதான் முன்னிருக்கைச் சட்டம். விமானத்தின் வாசலில் ஒரு பலகை ஒளிரும். ‘இன்றைய விமானி: பற்று 88. மனைவி, இரண்டு குழந்தைகள். இளையவளுக்கு வெள்ளிக்கிழமை காதுகுத்து.’ பயணிகள் அதைப் படித்துவிட்டு, “வெள்ளிக்கிழமையா, அப்ப சரி” என்று பெருமூச்சு விட்டு ஏறுவார்கள்.

செண்பகவல்லி கயத்தாறு பறப்புப் பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்தவள். அங்கே ஓடாத விமானத்தின் மாதிரி அறைக்குள் உட்கார்ந்து ஆயிரத்து எண்ணூறு மணி நேரம் சுக்கான் பிடித்திருக்கிறாள். புயலில் இறக்கியிருக்கிறாள், ஒரு பொறி நின்றபோது இறக்கியிருக்கிறாள், இருட்டில் தீவு தேடி இறக்கியிருக்கிறாள். எல்லாம் தரையில் போல்ட் போட்டு முடுக்கிய அறைக்குள். வேலையில் சேர்ந்த முதல் நாள் உண்மையான விமானத்தின் முன்னறைக்குள் நுழைந்தபோது, சுக்கான்மேல் தடித்த கண்ணாடிக் கூடு ஒன்று கவிழ்த்து வைத்திருந்தது. கையை மடியில் வைத்துக்கொள்ள வேண்டும். கதவு வெளியிலிருந்துதான் திறக்கும். அப்படியே நான்கு மணி நேரம், ஐந்து மணி நேரம், கண்ணெதிரே இருக்கிற சுக்கானைத் தொட முடியாமல், மிட்டாய்க் கடைக் கண்ணாடியில் மூக்கைத் தேய்க்கிற பிள்ளையைப்போல அவள் உட்கார்ந்து போய்க்கொண்டிருந்தாள். ஒன்பது ஆண்டுகளாக.

அந்தக் கூடு திறக்காத கூடு அல்ல. விதைநெல்லைக் கொஞ்சம் எடுத்து வைப்பதுபோல, பறக்கும் வித்தை மனித இனத்தைவிட்டு அடியோடு போய்விடக்கூடாது என்று சட்டத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு பிரிவு சேர்த்திருந்தார்கள். அதற்குக் கைநேரம் என்று பெயர். முதல் நிலை விமானிகளுக்கு மாதம் ஒருமுறை, கரையைவிட்டு நூறு கிலோமீட்டர் தாண்டிய பிறகு, இருபது நிமிடங்கள் கூடு திறக்கும். பயணிகளுக்குச் சொல்லமாட்டார்கள். அந்த இருபது நிமிடம் விமானம் விமானியின் கையில்.

முதல் நிலைக்கு எண்பது மதிப்பெண் வேண்டும். செண்பகவல்லிக்கு நாற்பத்து மூன்று.

“நாப்பதுக்குக் கீழ போனா சரக்கு விமானத்துக்கு மாத்திருவாங்க,” என்றார் ஞானதுரை, பட்டையைக் கழற்றிக்கொண்டே. “அதுல முன்னறையே கெடையாது. பின்னால மூட்டையோட மூட்டையா உக்காரணும். நான் ஒங்க அண்ணன் மாதிரி சொல்லுதேன். ஒரு கல்யாணத்தப் பண்ணுங்க.”

“அதுக்கு எத்தன சார்?”

“ஆளப் பொறுத்து. இருபதுலருந்து இருபத்தஞ்சு வரைக்கும் பாத்திருக்கேன். மூணுக்கு மேல போவாத வீடும் இருக்கு.”

செண்பகவல்லி எதையும் ஒழுங்காகச் செய்கிறவள். அன்று சாயங்காலமே ஒரு தாளை எடுத்து, தேவை முப்பத்தேழு என்று மேலே எழுதினாள். அதற்குக் கீழே நாய் மூன்று என்று எழுதி அடித்தாள். பூனை பூஜ்யம். பூனை யாருக்காகவும் காத்திருக்காது என்று அரசே ஒத்துக்கொண்டிருந்தது. கடைசியில் கணவன், குழந்தை என்ற இரண்டு சொற்கள்தாம் மிஞ்சின.

அண்ணன் பார்த்த மாப்பிள்ளையின் பெயர் ஆவுடையப்பன். கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையில், கடலுக்கடியில் போகும் குழாய்களின் அடைப்பான்களைப் பார்த்துத் திருகிவிடுகிற வேலை. துறைமுகக் கடற்கரையில் இருவரும் சந்தித்தார்கள். செண்பகவல்லி ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். சுக்கானைச் சொன்னாள், கூட்டைச் சொன்னாள், இருபது நிமிடத்தைச் சொன்னாள். ஆவுடையப்பன் சுண்டலை மென்றுகொண்டே கேட்டான்.

“அப்ப என்னப் பாத்து ஒங்களுக்குத் துடிக்கணும். அவ்வளவுதான?”

“நெஜமாத் துடிக்கணும்.”

“இப்ப எத்தன காட்டுது?”

அவள் கையில் வீட்டு உபயோகத்துக்கான சிறிய பட்டை இருந்தது. பார்த்தாள். கொஞ்சம் தயங்கினாள். “ரெண்டு.”

“ரெண்டா! ஒரு நாய்க்கே மூணுன்னு இப்பத்தான சொன்னீய?” என்று சொல்லிவிட்டு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். சிரிப்பில் சுண்டல் புரையேறி, அவள் அவன் தலையில் தட்டிவிட வேண்டியதாயிற்று. பட்டை இரண்டரை காட்டியது.

கல்யாணம் நடந்தது. அவள் ஆவுடையப்பனைப் பாடமாகப் படித்தாள். மோரில் உப்பு வேண்டாம், செருப்பை வாசலில் கவிழ்த்துப் போட்டால் கோபம் வரும், தூக்கத்தில் அடைப்பான் எண்களை முணுமுணுப்பான். எல்லாவற்றையும் மனப்பாடம் செய்தாள். எட்டு மாதம் கழித்து மறுசோதனைக்குப் போனபோது ஆவுடையப்பனுக்கு நான்கு மதிப்பெண் வந்திருந்தது. “மெனக்கெட்டுப் படிச்சா இதுல வராதும்மா,” என்றார் ஞானதுரை வருத்தத்தோடு. “இது வேற பாடம்.”

அது வந்தது ஓர் ஆனி மாதத்துப் பிற்பகலில். ஆவுடையப்பன் குழாய் பார்க்கக் கடலுக்குள் இறங்கியிருந்தான். நீரோட்டம் திரும்பிவிட்டது, அவனோடு இருந்த தொடர்பு அறுந்துவிட்டது என்று ஆலையிலிருந்து தகவல் வந்தது. செண்பகவல்லி ஆலையின் கடற்பாலத்தில் மூன்று மணி நேரம் நின்றாள். அவனுக்கு மோரில் உப்பு வேண்டாம் என்பது திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. வேறு ஒன்றுமே நினைக்க முடியவில்லை. கடைசியில் அவன் நீர்க்கவசத்தைக் கழற்றிக்கொண்டே ஏணியில் ஏறி வந்து, “ஏ செண்பகம், நீ எங்கட்டி இங்க? பதினேழாம் நம்பர்ல பெரிய நண்டு ஒண்ணு கவ்விக்கிட்டு விடமாட்டேன்னுட்டு” என்றான். அவள் அவனை ஓங்கி ஓர் அறை அறைந்தாள். பிறகுதான் அழுதாள். கையில் பட்டை இருந்ததை இருவருமே கவனிக்கவில்லை.

அடுத்த சோதனையில் அறுபத்து ஐந்து.

இரண்டு ஆண்டுகள் கழித்து நப்பின்னை பிறந்தாள். அவளுடைய படம் திரையில் வந்த நொடியில் பற்றுமானி ஒருமுறை நின்று, மறுபடி ஓடி, எண்பத்து நான்கைக் காட்டியது. ஞானதுரை எழுந்து நின்று கைகொடுத்தார். “முதல் நெல. நல்லாருங்க. கைநேரத்துக்கு எழுதிப் போட்டிருதேன்.”

செண்பகவல்லி படியிறங்கி வந்தாள். பதினான்கு ஆண்டுகள் காத்திருந்தது கைக்கு வந்துவிட்டது. சந்தோஷமாக இருக்க வேண்டிய நேரம். ஆனால் படிக்கட்டின் சன்னல் வழியே தென்மேற்கில் ஒரு மேகம் தெரிந்தது. அவள் நின்று அதைப் பார்த்தாள். அந்த மேகம் நகர்ந்து போகும்வரை அங்கேயே நின்றாள்.

நிற்க. முன்னறையில் விமானி செய்யக்கூடிய காரியம் ஒன்றே ஒன்று உண்டு என்பதை இன்னும் சொல்லவில்லை. இருக்கையின் வலது கைப்பிடியில் பச்சை நிறத்தில் மறுப்புப் பொத்தான் ஒன்று இருக்கும். விமானம் தரையில் நிற்கும்போது மட்டும் அது வேலை செய்யும். அழுத்தினால் அந்தப் பயணம் புறப்படாது. காரணம் கேட்கமாட்டார்கள். வீடு போய்ச் சேர விரும்புகிற ஒருவர் மனதார வேண்டாம் என்று சொன்னால் அதற்கு மேல் என்ன காரணம் வேண்டும் என்பதுதான் சட்டத்தின் எண்ணம். நாற்பத்து மூன்று மதிப்பெண்ணோடு இருந்தவரை அந்தப் பொத்தானின்மேல் செண்பகவல்லி தண்ணீர்க் குப்பியைத்தான் சாய்த்து வைப்பாள்.

கைநேரத்துக்கு அவளுக்குக் கிடைத்த நாள் ஐப்பசி ஒன்பது. காலை விமானம், பினாங்குக்கு. வெள்ளைச் சட்டையைத் தானே பெட்டி போட்டு உடுத்திக்கொண்டாள். ஆவுடையப்பன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வாசல்வரை வந்தான்.

“இன்னைக்கு ஒங்கம்மா ஓட்டப் போறா, நப்பின்ன. கும்பிட்டுக்க.”

நப்பின்னை கும்பிடவில்லை. அம்மாவின் காதோரத்து முடியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டாள். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுக்க வேண்டியிருந்தது.

முன்னறையின் கதவு வெளியே சாத்திக்கொண்டது. கண்ணாடிக் கூட்டின் விளிம்பில் சிறிய மஞ்சள் விளக்கு எரிந்தது. இன்று திறக்கும் என்று பொருள். செண்பகவல்லி மடியில் கைகளை வைத்துக்கொண்டு முன்னால் பார்த்தாள். ஓடுபாதை, உப்பளம், அதற்கப்பால் கடல். கடலுக்குமேல், வெகுதூரத்தில், ஒரு சுண்டுவிரல் அகலத்துக்குக் கருப்பு.

“அது என்ன?” என்று கேட்டாள்.

“மழைமேகம்,” என்றது ஓட்டுமூளை. அது எப்போதும் செய்தி வாசிக்கும் தமிழில்தான் பேசும். “நம் பாதையிலிருந்து அறுபது கிலோமீட்டர் தள்ளி உள்ளது. ஆபத்து இல்லை.”

“நகந்து வந்தா?”

“நகரும் வாய்ப்பு நூற்றுக்கு மூன்று. வந்தாலும் ஆபத்து இல்லை.”

நூற்றுக்கு மூன்று. கயத்தாறில் நூற்றுக்குத் தொண்ணூறு புயலில் அவள் சிரித்துக்கொண்டே இறக்கியிருக்கிறாள். இப்போது காதோரத்தில் முடி இழுபட்ட இடம் எரிந்தது. வாசலில் நிற்கிற ஆவுடையப்பனும், அவன் தோளில் பாலைக் கக்கி வைக்கிற பிள்ளையும் கண்ணுக்குள் வந்து நின்றார்கள். நூற்றுக்கு மூன்று என்றால் எத்தனை மூன்றுகள். உள்ளங்கை வேர்த்தது. சுக்கானைப் பார்த்தாள். ஆசையாகத்தான் இருந்தது, ஆசை ஒரு துளி குறையவில்லை. ஆனால் வலது கை அவளைக் கேட்காமலே கைப்பிடிக்குப் போய்ப் பச்சைப் பொத்தானை அழுத்திவிட்டது.

“தங்கள் மறுப்பு ஏற்கப்பட்டது,” என்றது ஓட்டுமூளை. “தங்கள் கைநேரம் அடுத்த மாதத்துக்கு மாற்றப்படுகிறது. ஆபத்து இல்லை என்பதை மீண்டும் தெரிவித்துக்கொள்கிறேன்.”

கார்த்திகையில் மேகம் இல்லை. காற்று இருந்தது. அழுத்தினாள். மார்கழியில் பனி. அழுத்தினாள். தை மாதத்தில் வானம் கழுவி வைத்ததுபோல இருந்தது. புறப்படப்போகும் நேரத்தில், நப்பின்னைக்கு இலேசான சளி என்று காலையில் பார்த்தது ஞாபகம் வந்தது. சளிக்கும் விமானத்துக்கும் என்ன தொடர்பு என்று தன்னையே கேட்டுக்கொண்டு அழுத்தினாள்.

இது அவளோடு மட்டும் நிற்கவில்லை. முதல் நிலை விமானிகள் அத்தனை பேரும் எண்பதைத் தாண்டப் போட்டி போட்டு அன்பு வளர்த்தவர்கள். நூறு மைலுக்கு அப்பால் இடி இடித்தால் நாடு முழுவதும் விமானிகளின் கட்டைவிரல்கள் ஒரே நேரத்தில் கீழிறங்கின. பயணிகள் கூடங்களில் ஜனங்கள் பாய் விரித்துப் படுத்தார்கள்.

தை மாதத்து மறுப்புக்குப் பிறகு அவள் கூடத்தைக் கடந்து போகும்போது ஒருவர் வழிமறித்தார். நல்ல வேட்டி, கையில் தாம்பூலத் தட்டு.

“ஏம்மா, நீதான பைலட்டு? என் மக நிச்சயதார்த்தம் அங்க பினாங்குல சாயங்காலம் அஞ்சு மணிக்கு. வெளிய பாரு, வானம் எப்படிக் கெடக்குன்னு. எதுக்கு நிப்பாட்டுன?”

“பயமாருந்துச்சு அண்ணாச்சி,” என்றாள் அவள்.

“பலகையில போட்டிருந்துது, ஒனக்குக் கைப்புள்ள இருக்குன்னு. அதப் பாத்துட்டுத்தான் ஏறுனோம். அதுக்காவ? ஒனக்குப் புள்ள இருந்தா எங்களுக்கு வேல வெட்டி இல்லையா?”

சுற்றியிருந்தவர்கள் “அதான!” என்றார்கள்.

பங்குனியில் சட்டம் திருத்தப்பட்டது. சட்டங்கள் அவ்வளவு விரைவாகத் திருத்தப்படுவதில்லை. ஆனால் தாமதத்தில் மாட்டிக்கொண்டவர்களுள் சட்டம் எழுதுகிறவர்களும் இருந்தார்கள். இனிமேல் முன்னிருக்கையில் உட்காருகிறவரின் பற்று இருபதுக்கு மேல் போகக் கூடாது. வீட்டில் யாரும் காத்திருக்கக் கூடாது. அப்படிப்பட்டவர்களை எதைக் காட்டி வேலைக்கு வரவழைப்பது என்று யோசித்து, கைநேரத்தை ஒவ்வொரு பயணத்துக்கும் நாற்பது நிமிடமாக உயர்த்தினார்கள்.

இதைப் படித்த அன்றே செண்பகவல்லி இரண்டாம் மாடிக்கு ஓடினாள். ஞானதுரை எதிர்பார்த்திருந்தவர்போல நாற்காலியைக் காட்டினார். படங்கள் வந்தன.

“எண்பத்தாறு,” என்றார். “ரெண்டு ஏறிருக்கு.”

“ஒவ்வொரு பயணத்துக்கும் நாப்பது நிமிசமா சார்? நெசமாவா?”

“நெசந்தான். புதுசா வாரவங்க கிட்ட வெறும் விமானப் படத்த மட்டும்தான் காட்டச் சொல்லுதாங்க. நாடி நூத்தி இருபதத் தாண்டினா உடனே வேல.” அவர் மேசையைப் பார்த்துக்கொண்டார். “நீங்க அன்னைக்கி நாப்பத்தி மூணோட அப்படியே எறங்கிக்கிட்டு வந்திருந்தா, இன்னைக்கி நீங்கதாம்மா மொத ஆளு.”

“குறைக்க வழி இல்லையா?”

“கோவில்பட்டியில ஒரு மையம் தொறந்திருக்காங்க. வீட்டவிட்டு ஆறு மாசம் தனியா இருந்தா எல்லாருக்கும் எறங்குதுன்னு சொல்லுதாங்க.”

அவள் போனாள். ஆவுடையப்பனிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். அவன் பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டு, “அந்த இருபது நிமிசத்துக்காவத்தான என்னையக் கட்டுன. இப்ப நாப்பதா ஆயிருக்கு. போயிட்டு வா,” என்றான். மையத்தில் வெள்ளைச் சுவர், ஒரு கட்டில், ஒரு சன்னல். வீட்டாரின் படங்களைப் பார்க்கக் கூடாது. பேசக் கூடாது. பத்து நாள் இருந்தாள். பதினோராம் நாள் அளந்தார்கள். தொண்ணூற்று மூன்று. மையத்துக்காரர் கருவி கெட்டுவிட்டதோ என்று அதைத் தட்டிப் பார்த்தார். தன் கையில் கட்டிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது. செண்பகவல்லி பையை எடுத்துக்கொண்டு முதல் பேருந்தைப் பிடித்தாள்.

நிறுவனம் அவளை வேலையைவிட்டு நீக்கவில்லை. தரையில் வேறு வேலை கொடுத்தது. விமான வாசலில் ஒளிரும் பலகைக்கு வாசகம் அடிக்கிற வேலை. ‘இன்றைய விமானி: பற்று 9. எவரும் இல்லை. கடந்த ஓராண்டில் தாமதம்: இல்லை.’ எண் மட்டும்தான் மாறும். பயணிகள் அதைப் படித்துவிட்டு, “எவரும் இல்லையா, அப்ப சரி” என்று பெருமூச்சு விட்டு ஏறினார்கள். கதவு திறந்தே கிடக்கிற அந்த மேசை அறையில் உட்கார்ந்திருக்கும்போதும், பூட்டிய முன்னறைக்குள் இருந்த அதே இறுக்கம் அவள் நெஞ்சில் இருந்தது. யாரையும் குறைசொல்ல முடியவில்லை. சாயங்காலம் வீட்டுக்குப் போனால் நப்பின்னை ஓடி வந்து காலைக் கட்டிக்கொள்வாள். அந்த நொடியில் இறுக்கம் தெரியாது. அதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

அடுத்த ஆண்டு ஆவணியில் ஆவுடையப்பனின் தங்கை போர்ட் பிளேரில் வீடு கட்டிப் பால் காய்ச்சினாள். மூன்று பேரும் புறப்பட்டார்கள். அந்தப் பயணத்துக்கான வாசகத்தை முந்தின நாள் செண்பகவல்லியே அடித்து வைத்திருந்தாள். விமானியின் பெயர் அமலன். வயது இருபத்து நான்கு. பற்று 6. எவரும் இல்லை.

“நல்ல வேள,” என்றான் ஆவுடையப்பன், பலகையைப் படித்துவிட்டு. “பந்தியில ஒக்காரதுக்குள்ள போயிரலாம்.”

வானத்தில் மேகங்கள் இருந்தன. சரியான நேரத்துக்குப் புறப்பட்டது. கரை பின்னால் போயிற்று. நப்பின்னை சன்னலோரத்தில் அம்மாவின் மடியில் உட்கார்ந்து, கடலை எண்ண முயன்றுகொண்டிருந்தாள். நூறு கிலோமீட்டர் தாண்டியிருக்கும். விமானம் இடப்பக்கம் சாய்ந்தது.

பின்வரிசையில் யாரோ “ஆத்தாடி” என்றார்கள். மற்றவர்களுக்கு அது வெறும் சாய்வு. செண்பகவல்லிக்கு அது என்னவென்று உடனே தெரிந்துவிட்டது. ஓட்டுமூளை சாய்த்தால் அடிக்கோல் வைத்துக் கோடு போட்டதுபோல இருக்கும். இது ஒரு துளி கூடுதலாகச் சாய்ந்து, அதை உணர்ந்து, கொஞ்சம் திரும்பி வந்து, பிறகு நிலைத்தது. ஒரு கை. கூடு திறந்து ஒரு மனிதக் கை சுக்கானைப் பிடித்திருக்கிறது.

அந்தப் பையன் வெள்ளை மேகம் ஒன்றின் விளிம்பை ஒட்டிப் போனான். அதன் தோளைத் தொடுவதுபோல ஏறினான். மேலே வந்ததும் மூக்கை மெல்லத் தாழ்த்தி, வெயில் விழுகிற ஓடை ஒன்றுக்குள் விமானத்தை நழுவவிட்டான். எங்கே இழுக்க வேண்டும், எங்கே விட்டுக்கொடுக்க வேண்டும் என்று அவன் கைக்குத் தெரிந்திருந்தது. நல்ல ஓட்டு. கயத்தாறில் அவள் காலத்தில்கூட இவ்வளவு நல்ல ஓட்டை அவள் பார்த்ததில்லை. மடியிலிருந்த அவளுடைய விரல்கள் தாமாக வளைந்து, இல்லாத சுக்கானைப் பிடித்து, அவனோடு சேர்ந்து இடப்பக்கம் திருப்பின.

விமானம் ஒருமுறை குலுங்கியது. பெரிய குலுக்கல் ஒன்றும் இல்லை. நப்பின்னை சிரித்தாள்.

செண்பகவல்லியின் விரல்கள் விரிந்தன. பிள்ளையின் இடுப்பைச் சுற்றி இறுகின. எதிரே இன்னும் பெரிய மேகம் ஒன்று வந்துகொண்டிருந்தது. அவன் விலகிப் போகமாட்டான் என்று அவளுக்குத் தெரிந்தது. அவன் இடத்தில் இருந்தால், அவன் வயதில், அவளும் விலகிப் போயிருக்கமாட்டாள். பணிப்பெண் இருக்கைகளைப் பிடித்துப் பிடித்து நடந்து வந்தாள். செண்பகவல்லி அவளுடைய புடவைத் தலைப்பைப் பற்றி இழுத்தாள்.

“ஏம்மா, முன்னால இருக்க பையனுக்கு வீட்டுல யாருமே கெடையாதா? ஒரு அம்மா, ஒரு தங்கச்சி, காத்திருக்கதுக்கு யாராவது? இன்னும் ஏன் அவனுக்கு ஒரு கல்யாணம் பண்ணாம வச்சிருக்காங்க?”

பணிப்பெண் குனிந்து அவள் தோளைத் தட்டிக்கொடுத்தாள். இந்தக் கேள்விக்கு என்ன சொல்ல வேண்டும் என்று அவளுக்குப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

“யாரும் இல்லக்கா. சரியான நேரத்துக்கு எறங்கிருவோம். கவலப்படாதீய.”